ஆண்டவர் எழுதச் சொன்னாரு, சரி, அச்சடிக்கவும் சொன்னாரா?

வாப்பா பேராண்டி. கட்டில்ல அங்குட்டு உக்காரு, இங்குட்டுக் கயிறு தளர்ந்து கெடக்கு. மஞ்சப் பையில என்னது, இம்புட்டுக் கனமா? புஸ்தகமா! எம்புட்டுப் பக்கம்? 640-ஆ? நாப்பது நாள் உபவாசம் இருந்து எழுதினியா? ஆத்தீ! பட்டினி கெடந்தது நீயி, மயங்கி விழப்போறது படிக்கிறவனா?

கோவிச்சுக்காத. ஆண்டவர் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாதுங்கிற. சந்தோசம். மொதப் பக்கத்துலயே 'முயற்ச்சி'ன்னு எழுதியிருக்கியே, அந்த 'ச்' அவரு சொன்னதா, நீயாப் போட்டதா? அடுத்த பக்கத்துல 'அதற்க்கு'. வானத்தயும் பூமியயும் படைச்சவருக்கு, 'ற்'க்குப் பின்னால இன்னொரு மெய்யெழுத்து வராதுன்னு தெரியாமயா இருக்கும்? உனக்குத் தமிழ் எடுத்த வாத்தியாரு மேல போட வேண்டிய பழியப் பரலோகத்து மேல போடாத அப்பு.

நான் பெரிய படிப்புப் படிச்சவன் இல்ல. இப்ப முருங்கயும் நாலு ஆடுந்தான். அதுக்கு முன்ன திண்டுக்கல்லுல ஒரு அச்சாபீசுல கம்பாசிட்டர். ஈய எழுத்த ஒண்ணொண்ணாப் பொறுக்கி ஸ்டிக்குல கோக்குற வேல. ஜெபப் புஸ்தகம், ஞானோபதேசம், கல்யாணப் பத்திரிக, கருமாதிப் பத்திரிக, எல்லாத்தயும் தலகீழாவே படிச்சவன். அப்பிடிப் படிக்கிறதுல ஒரு வசதி இருக்கு. எழுதினவரு பிஷப்பா, பீடி சுத்துறவரான்னு தெரியாது. எழுத்து மட்டுந்தான் தெரியும்.

ஃபாரம் கணக்குத் தெரியுமா உனக்கு? தாள அடிச்சு மடிச்சா 16 பக்கம், அது ஒரு ஃபாரம். உன்னது 40 ஃபாரம். நாளைக்கு ஒரு ஃபாரமா உபவாசம் இருந்திருக்க. தமிழ்ல மொதமொத அடிச்ச புஸ்தகம் எத்தன ஃபாரம்னு சொல்லு பாப்போம். ஒண்ணே ஒண்ணு. 'தம்பிரான் வணக்கம்'னு பேரு. 1578 அக்டோபர் 20, கொல்லத்துல அடிச்சது. அண்டிரிக் அடிகளாருன்னு நம்மாளுக கூப்பிட்ட போர்த்துக்கீசப் பாதிரியாரு போட்டாரு. நம்ம நாட்டு மொழி எதுக்கும் அதோட சொந்த எழுத்துல அதுக்கு முன்ன அச்சுப் புஸ்தகமே கெடையாது. ஒரு கிறிஸ்தவன் தெரிஞ்சுக்கிட வேண்டிய வேதமும் செபமும் 16 பக்கத்துல அடங்கிப்போச்சு. உனக்கு முன்னுரையே அடங்கல.

"அவரே 1586-ல புன்னக்காயல்ல 'அடியார் வரலாறு'ன்னு அறுநூறு பக்கத்துக்கு மேல போட்டாரே தாத்தா"ம்ப. நீ வெவரமான ஆளு. போட்டாருதான். முத்துக் குளிக்கிற பரதவ சனத்தோட வருசக்கணக்காக் கெடந்து, அவுக பேச்சக் கத்துக்கிட்டு, அந்தப் பேச்சுக்கு இலக்கணமும் எழுதிப் பாத்துட்டு அப்புறம் போட்டாரு. அச்சு வேலைக்கு அந்தச் சனமே காசும் குடுத்துச்சு. யாரு படிக்கப் போறாகன்னு அடிக்கிறதுக்கு முன்னாலயே தெரிஞ்ச புஸ்தகம் அது. உன்னது யாருக்குன்னு கேட்டா 'உலகத்து சனங்க எல்லாருக்கும்'ங்கிற. உலகம் கெடக்கட்டும். நம்ம தாடிக்கொம்புல ஒரு ஆளக் காட்டு, பேரச் சொல்லி.

அந்தத் தம்பிரான் வணக்கத்துல இப்ப ஒரே ஒரு படிதான் மிச்சமாம். அமெரிக்காவுல ஹார்வர்டு நூலகத்துல இருக்கு. உன் புஸ்தகத்துக்கு அந்தக் கதி வராது. ஆயிரம் படியும் பத்திரமா உன் வீட்டுப் பரண் மேலயே இருக்கும்.

இன்னொரு பாதிரியாரு கதயும் கேளு. தரங்கம்பாடியில சீகன்பால்கு ஐயரு 1706-ல வந்து எறங்கினாரு. திண்ணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட உக்காந்து மணல்ல எழுத்துப் பழகினாரு. ஜெர்மனியில ஹாலேங்கிற ஊருல தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினாக. 1713-ல வந்து சேந்துச்சு. எழுத்து ஒண்ணொண்ணும் ரொம்பப் பெருசு. அதுல புதிய ஏற்பாட்ட அடிச்சா காகிதம் காணாது. அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்த்தாக. ஈயத்துக்கு, சீமையில இருந்து வந்த பாலாடைக்கட்டிய மூடியிருந்த தகட்ட உருக்கினாகன்னு சொல்லுவாக. காகிதத்துக்குப் பொறையாருல ஆலையே வச்சாக. இம்புட்டுப் பாடுபட்டு 1715-ல புதிய ஏற்பாட்ட முடிச்சாக. தகட்ட உருக்கி எழுத்து வார்த்தவனுக்கு ஒவ்வொரு எழுத்தோட வெலயும் தெரியும். உனக்குக் கம்ப்யூட்டர்ல காகிதமும் தீராது, ஈயமும் தீராது. அதான் கை நிக்க மாட்டேங்குது.

எத வெட்டுறதுன்னு கேக்குறியா? கொண்டா இங்க.

மொதல்ல வசனம். பக்கத்துக்கு ஏழு வசனம் முழுசு முழுசாப் போட்டுருக்க. அதத்தான் பைபிள் சொசைட்டிக்காரக உன்னவிடச் சல்லிசா விக்கிறாகளே! அதிகாரத்தயும் வசன நம்பரயும் மட்டும் போட்டுட்டு, உனக்கு என்ன பட்டுச்சோ அத எழுது. எடுத்துப் போடுறதும் ஞாபகத்துல இருந்து போடாத. புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டுப் பாத்துப் போடு. ஒரு பக்கத்துல பழைய மொழிபெயர்ப்பு, அடுத்த பக்கத்துல 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு. ஒரு எடத்துல பேதுரு, இன்னொரு எடத்துல இராயப்பரு. படிக்கிற பொம்பள ரெண்டு ஆளுன்னு நெனச்சு, ரெண்டு பேருல யாரு கோழி கூவுறதுக்கு முன்ன மறுதலிச்சதுன்னு கேப்பா. எதாச்சும் ஒண்ணப் பிடிச்சுக்க. எந்த மொழிபெயர்ப்புன்னு மொதப் பக்கத்துலயே சொல்லிரு.

அடுத்து பிரசங்கம். மைக்குல பேசினத அப்பிடியே டைப் அடிக்கச் சொல்லியிருக்க. 'எல்லாரும் அல்லேலூயா சொல்லுங்க'ன்னு பதினொரு எடத்துல வருது. 'பக்கத்துல இருக்கவர் கையப் பிடிச்சுச் சொல்லுங்க'ன்னு ஒரு எடம். ராத்திரி தோட்டத்துல லாந்தர வச்சுக்கிட்டுத் தனியா உக்காந்து படிக்கிறேன். பக்கத்துல இருக்கது வெள்ளாட்டுக் கெடா. அதுகிட்ட எந்தக் கையப் பிடிக்க?

அப்புறம் அணிந்துரை. எட்டுப் பேரு. அதுல மூணு பேரு உன் புஸ்தகத்தோட பேரயே தப்பாச் சொல்லியிருக்காக. ஒருத்தரு போன வருசம் வேற ஒரு ஆளுக்குக் குடுத்ததத்தான் உனக்கும் குடுத்திருக்காரு, அந்த ஆளு பேர எடுக்கக்கூட மறந்துட்டாரு. ஒண்ண வச்சுக்க, உள்ளுக்குள்ள படிச்சவரு யாரோ அவரோடத. மிச்ச ஏழு பேருக்கும் கிறிஸ்மஸுக்குக் கேக்கு அனுப்பிரு, கோவம் தணிஞ்சுரும்.

மூணாம் அத்தியாயத்துல டேவிட்னு ஒரு ஆளு பனிச்சறுக்குல விழுந்து கால ஒடிச்சுக்கிட்டு மனந்திரும்புறான். திண்டுக்கல்லுல ஏதுடா பனி? சிறுமலையில ஏறி வாழத் தோட்டத்துல வழுக்கி விழுந்தான்னா நம்புவேன். எந்த அமெரிக்கப் புஸ்தகத்துல இருந்து உருவின, சொல்லு. அனுமதி கேட்டியா? எழுதினவரு செத்து 60 வருசம் ஆகுறவரைக்கும் உரிம அவுக குடும்பத்துக்கோ கம்பெனிக்கோதான். நம்ம நாட்டு 1957-ம் வருசத்துச் சட்டம் அப்பிடித்தான் வச்சிருக்கு. 'ஊழியத்துக்குத்தான எடுத்தேன்'ங்கிறது சட்டத்துல எந்தப் பிரிவுலயும் இல்ல. எடுக்கிறதுன்னா கிருஷ்ணபிள்ள எடுத்த மாதிரி எடுக்கணும். ஜான் பனியனோட மோட்சப் பிரயாணக் கதயத்தான் எடுத்தாரு. பனியன் செத்து எரநூறு வருசம் ஆகிப்போச்சு, கேக்க ஆளில்ல. கம்பராமாயணத்துல ஊறின மனுசன் அதத் தமிழ்க் காப்பியமாவே மாத்தி, 1894-ல இரட்சணிய யாத்திரிகம்னு கொண்டாந்தாரு. படிக்கிறவன் இங்கிலாந்த நெனக்க மாட்டான். உன் டேவிட் இன்னும் குல்லாக்கூடக் கழட்டல.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். பதிப்பகத்துக்காரரு ரெண்டு மாசமாப் பதில் போடல, சாத்தான் தடுக்குறான்னு சொன்ன பாரு. சாத்தானுக்கு வேற வேல இல்லையா? அவரு மேசையில உன்னது மாதிரி முப்பது மஞ்சப் பை இருக்கும். நம்ம சீகன்பால்கு ஐயரு, இந்தப் பக்கத்துச் சாமிகளப் பத்தியெல்லாம் சனங்ககிட்டக் கேட்டுக் கேட்டு, சுவடி சுவடியாப் படிச்சு, தென்னிந்தியத் தெய்வங்களோட வம்சாவளிய 1713-ல எழுதி ஹாலேக்கு அனுப்பினாரு. அங்க இருந்த பெரியவரு ஃபிராங்கே, 'உன்ன அனுப்பினது அந்த மதத்த ஒழிக்க, இங்க கொண்டாந்து பரப்புறதுக்கா?'ன்னு தூக்கி ஓரமா வச்சிட்டாரு. அந்தப் புஸ்தகம் அச்சானது 1867-ல, மதறாசுல. 154 வருசம். சீகன்பால்கு ஐயருக்கு எதிர்க்கட்சி வீரமாமுனிவரு. நம்ம திண்டுக்கல் பெரிய கோயில் வளனாருக்குத்தான, அந்த வளனாரப் பாட்டுடைத் தலைவரா வச்சு 1726-ல தேம்பாவணி பாடினாரு. 3615 பாட்டு. அது அச்சானது 1851-ல, புதுச்சேரியில. ரெண்டு கட்சிக்காரகளும் ஒருத்தர ஒருத்தர் கிழிச்சு எழுதிக்கிட்டாக. ஆனா அச்சுக்குக் காத்துக் கெடந்ததுல ரெண்டு பேரும் ஒரே சபதான். நீ ரெண்டு மாசத்துக்கே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.

சண்டையப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. தரங்கம்பாடிக்காரக வேதத்த மொழிபெயர்த்த தமிழப் பாத்து வீரமாமுனிவரு பண்ணின கேலி கொஞ்சமில்ல. கேலி கசந்திருக்கும், இல்லைங்கல. ஆனா பின்னால வந்தவுக தமிழ்ல கவனமா இருக்க வேண்டியதாப் போச்சு. பப்ரீசியஸ் ஐயரு மதறாசுல உக்காந்து இருவது வருசத்துக்கு மேல வேதத்த வரி வரியா இழைச்சாரு. புதிய ஏற்பாடு 1772-ல. பழைய ஏற்பாட்டோட கடேசிப் பாகம் 1796-ல வந்தப்ப, அவரு மண்ணுக்குள்ள போயி அஞ்சு வருசம். உன் புஸ்தகத்தத் திருத்திப் பாக்க யாருகிட்டக் குடுத்த? வீட்டுக்காரியும் பாஸ்டரும் படிச்சாகளா? ரெண்டு பேரும் 'ஆசீர்வாதமா இருக்கு'ன்னாகளா? அவ உன்னோட தெனமும் சோறு திங்கணும், அவரு உன் காணிக்கய எண்ணணும். அவுக வேற என்ன சொல்லுவாக?

நம்மூருல பூட்டுச் செய்யுறவன் பூட்ட முடிச்சதும் கடைக்கு அனுப்புறதில்ல. சாவியப் போட்டுத் திருப்புறான், மறுபடி திருப்புறான், வேற சாவியப் போட்டும் திறக்குதான்னு பாக்குறான். நீயும் வேற சாவியப் போட்டுப் பாரு. கோயிலுக்கு வராத ஒரு ஆளுகிட்ட ஒரு அத்தியாயத்தக் குடு. தைப்பூசத்துக்கு நம்ம ரோட்டுல பழனிக்கு நடக்கிறாகளே, அதுல ஒருத்தரப் பிடிச்சுக் குடு. பக்கத்துக்குப் பக்கம் 'அபிஷேகம் எறங்குச்சு, அபிஷேகம் எறங்குச்சு'ன்னு எழுதியிருக்க. மனுசன் ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "சரி, பஞ்சாமிர்தம் எங்க?"ன்னு கையை நீட்டுவாரு.

அப்புறம் மெய்ப்பு. இப்ப இருக்க பிள்ளைக இங்கிலீசு எழுத்துல தட்டித் தமிழக் கொண்டாராக. அதுல ஒரு 'எம்' விழலைன்னா 'நல்ல மேய்ப்பர்' என்ன ஆவாருன்னு தெரியுமா? நல்ல ஏய்ப்பர். ஒன்பதாம் அத்தியாயத்துத் தலைப்பு, கொட்ட எழுத்துல, பக்கம் 212. நானும் பாத்தேன், உன் பாஸ்டர் பாக்கல, எட்டு அணிந்துரைக்காரகளும் பாக்கல. தலைப்பத்தான் யாரும் படிக்க மாட்டாக. தப்பெல்லாம் அங்கதான் குடியிருக்கும். மெய்ப்புப் பாக்குறப்போ காகிதத்துல எடுத்துப் பாரு, சத்தமாப் படி, கடேசி அத்தியாயத்துல இருந்து ஆரம்பி. முன்ன இருந்து படிச்சா உன் எழுத்தோட அழகுல நீயே மயங்கிருவ.

ஏழாம் அத்தியாயம் ஒண்ணு மட்டும் நல்லாருக்கு. நெசமாத்தான் சொல்லுறேன், முழிக்காத. உங்க அப்பத்தா தோல்ஷாப்புல வேல பாத்துட்டு வந்து கைநாத்தம் போகாமயே ஜெபமாலை உருட்டினதும், நீ அந்தக் கைய மோந்து பாத்துட்டுச் சோத்த ஒதுக்கி வச்சதும். அங்க மட்டும் அபிஷேகமும் இல்ல, அக்கினியும் இல்ல, உங்க வீட்டுப் பேச்சு இருக்கு. பாமான்னு ஒரு அம்மா, கன்னியர் மடத்துல இருந்து வெளிய வந்தவுக, 'கருக்கு'ன்னு எழுதினாக. தங்க ஊருப் பேச்சுலயே, கோயிலுக்குள்ள இருக்க சாதியயும் சேத்து எழுதினாக. 1992-ல மதுரை ஐடியாஸ் மையம் போட்டுச்சு. 2000-ல இங்கிலீசுக்குப் போயி பரிசும் வாங்குச்சு. மேடையில அழுதுகிட்டே சொல்லுற சாட்சிய நானும் கேட்டிருக்கேன். இது வேற ரகம், கேக்குறவன் நெளியணும்.

ஆனா அதே அத்தியாயத்துல பக்கத்துத் தெரு அம்மா ஒண்ணப் பேரும் ஊரும் வியாதியும் போட்டு எழுதியிருக்கியே, அந்தம்மாகிட்டக் கேட்டியா? சொகமானது சந்தோசம். அது மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கு. உன் புஸ்தகத்துல அந்த வியாதிப் பேரப் பாத்து வர்ற மாப்ள திரும்பிப் போனா, நீ போயி ஜெபம் பண்ணுவியா? பேர மாத்து, ஊர மாத்து, மாத்தினதக் கொண்டுபோயி அந்தம்மாகிட்டப் படிச்சுக் காட்டு. மாத்திரையத் தூக்கிப் போட்டதும் சொகமாச்சுன்னு எழுதின வரிய மட்டும் அடிச்சுரு. உன் புஸ்தகத்தப் படிச்சுட்டு எவனாச்சும் சர்க்கர மாத்திரைய நிப்பாட்டினா, அணிந்துரை குடுத்த எட்டுப் பேருல ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாக.

எங்க குடுக்கலாம்னு கேளு, அது நல்ல கேள்வி. நம்மூருலயே சேசு சபைக்காரக நடத்துற வைகறை பதிப்பகம் இருக்கு. மதறாசுல சி.எல்.எஸ்.ங்கிற கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் இருக்கு, 1858-ல வேற பேருல தொடங்கினது. அனுப்புறதுக்கு முன்ன அவுக என்ன மாதிரிப் புஸ்தகம் போடுறாகன்னு நாலு வாங்கிப் படி. கத்தோலிக்க ஜெபப் புஸ்தகம், ஞானோபதேசம்னா ஆயரு அனுமதி வேணும். முன்ன அதுக்குத் திருச்சிக்குப் பஸ் ஏறணும், 2003-ல திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனதுல இருந்து டவுன்லயே முடிஞ்சுரும். கதை, கட்டுரைன்னா அது தேவையில்ல. ஐ.எஸ்.பி.என். நம்பருக்கு யாரும் காசு கேட்டா நம்பாத, தில்லியில ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி சும்மாவே தருது. அச்சாகி வந்ததும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் படி அனுப்பணும், 1954-ம் வருசத்துச் சட்டம். பரண்ல இல்லாத படி அதாச்சும் இருக்கட்டும்.

'நீங்க பணம் கட்டுங்க, நாங்க உலகம் பூராக் கொண்டு போறோம், கூடவே டாக்டர் பட்டமும் வாங்கித் தாறோம்'னு ஒருத்தரு போன் பண்ணினாராமே? பட்டம் எதுக்கு? உங்க அப்பத்தாவுக்கு இடுப்பு வலின்னா எந்திரிச்சு ஊசி போடுவியா? காசு போட்டுத்தான் அடிக்கணும்னா 200 படி, 300 படி அடி. இப்ப அதுக்கெல்லாம் மிசினு வந்துருச்சு. கடக்காரரு நூத்துக்கு முப்பது நாப்பது கழிவு கேப்பாரு, அத வச்சு வெலயப் போடு. எத்தன படி, யாரு கையில உரிம, எப்பக் கணக்குக் காட்டணும்னு எழுதி வாங்கு. 'விசுவாசிகளுக்குள்ள பத்திரம் எதுக்கு பிரதர்'ம்பாக. விசுவாசிகளுக்குள்ளதான் கட்டாயம் வேணும். கடன் மட்டும் வாங்கிறாத. அந்தப் பப்ரீசியஸ் ஐயரே, புஸ்தகத்தால இல்ல, கொடுக்கல் வாங்கல்ல மாட்டி, வயசான காலத்துல கடனுக்காகச் செயில்ல கெடந்தாரு. வேதத்த மொழிபெயர்த்த மனுசனுக்கே அந்தக் கதி. நீ பனிச்சறுக்கு டேவிட்ட வச்சுக்கிட்டுக் கூட்டுறவு பாங்குல போயி நிக்காத.

முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுல கடை போட்டு விக்கலாமேங்கிற. போடு. ஆனா கறிச்சோத்து வரிசையில நிக்கிறவன் கையில தட்டு இருக்கும், புஸ்தகம் பிடிக்க எடம் இருக்காது. சாப்பிட்டு முடிச்சுத் திரும்புற பாதையில போடு. அட்டையில புறா, சூரிய ஒதயம், சிங்கம், ஆட்டுக்குட்டி நாலயும் சேத்துப் போட்டுருக்க. சிங்கத்துக்கு ஆட்டுக்குட்டி எட்டுற தூரத்துல இருக்கு, கொஞ்சம் தள்ளி வையி. பின்னட்டையில கோட்டுப் போட்ட போட்டோவயும் எடுத்துரு. சித்திர மாசத்து வெயில்ல அதப் பாத்தாலே வேர்க்குது.

சரி, 640-அ 160 ஆக்கிட்டு வா. பத்து ஃபாரம். ஏழாம் அத்தியாயத்த மொதல்ல வையி. மெய்ப்பு நான் பாத்துத் தாறேன், ஃபாரத்துக்கு இம்புட்டுன்னு கூலிய இப்பவே பேசிரு. 'ஊழியமா நெனச்சுச் செய்யுங்க தாத்தா'ன்னு ஆரம்பிக்காத. அச்சாபீசுல அந்த வார்த்தையக் கேட்டுக் கேட்டுத்தான் என் காது மந்தமாச்சு. பாதிய அட்வான்ஸா வச்சுட்டுப் போ. வர்றப்போ தலப்பாக்கட்டி கடையில ஒரு மட்டன் பிரியாணி பார்சலும் வாங்கியா. அது கூலியில கழியாது, சொல்லிட்டேன்.